ஜுனைட் பாடிய ஒரேயொரு இசைத்தட்டு

அத்தியாயம் பதினொன்று

உறையின் மேல் இரண்டு மெலிந்த பொடியன்கள் நின்றார்கள். காற்சட்டையின் கீழ்ப்பக்கம் யானைக் காதுபோல விரிந்திருந்தது. சேட்டுக் கொலர் தோள்வரைக்கும் போயிருந்தது. ஒருவன் ஒலிவாங்கியை விழுங்கப் போகிறவன்போல வாயைத் திறந்திருந்தான். அவன் தாராபுரம் ஜுனைட். மற்றவன் கிற்றாரை மார்போடு அணைத்துக்கொண்டு படம் எடுத்தவனை முறைத்தான். அவன் தாழ்வுபாட்டுக் கிறகரி, றஞ்சிதாவின் அப்பா.

உறை இருந்தது. உள்ளே இருக்கவேண்டிய இசைத்தட்டு இல்லை. அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு றஞ்சிதா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டதோடு போன கிழமை நிறுத்தியிருந்தோம்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்கு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லண்டனில் நிரூபன் என்றொரு இளைஞன் இருக்கிறான். விடத்தல்தீவுக்காரர் ஒருவரின் மகன். எழுபதுகளில் இலங்கையில் வந்து, ஒருவரும் கவனிக்காமலே போய்விட்ட தமிழ் றொக், சோல் இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்து ஒரு தொகுப்பாக்குவதுதான் அவனுடைய பைத்தியம். ஹற்றனில் தந்திக் கந்தோர் லிகிதர் ஒருவர் தொண்டை கிழியப் பாடியது, மட்டக்களப்பில் அண்ணனும் தம்பியும் கோயில் ஓர்கனை இரவல் வாங்கி அடித்தது என்று அவனிடம் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. அகப்படாதது ஒன்றே ஒன்று. ஜுனைட் பாடி, கிறகரி கிற்றார் வாசித்த 'பியர் றெயில்'. தலைமன்னார் பியருக்கு, அதாவது கப்பல் துறைக்கு, போகிற றெயிலில் ஏறிப் போய்விட்ட ஒருத்தியைப் பற்றிய பாட்டு.

கொழும்பில் அதை வெளியிட்ட கடை எண்பத்து மூன்றுக் கலவரத்தில் எரிந்தது. விற்காமல் அடுக்கிக் கிடந்த தட்டுகளும் கூடவே எரிந்துபோயின. மிஞ்சியது ஜுனைட்டின் கையில் இருந்த ஒன்று மட்டும். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் சனங்களை மன்னார்த் தீவை விட்டு வெளியேறச் சொன்னபோது, வள்ளத்தில் ஏறுமுன் அதைக் கிறகரியிடம் கொடுத்துவிட்டுத்தான் அவர் புத்தளத்துக்குப் போனார். சண்டை முடிந்து தாராபுரத்துக்குத் திரும்பி வந்தபின் ஒருநாள், "தட்டு இருக்கா மச்சான்?" என்று கேட்டார். "பத்திரமா இருக்கு" என்றார் கிறகரி. இரண்டு வீட்டிலும் தட்டைப் போட்டுக் கேட்கிற பெட்டி இல்லை. அதனால் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

போன வருடம் கிறகரி கண்ணை மூடினார். அதே நாட்களில் ஜுனைட்டுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று கொழும்பில் ஒப்பரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அவருடைய மகள் அஸீபா தொலைபேசியில் தட்டைப் பற்றிக் கேட்டபோது, பெட்டியைத் திறந்து பார்க்காமலே, "ஞாயிற்றுக்கிழமை வாப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டாள் றஞ்சிதா. அப்பா இருக்கென்றால் இருக்கும் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

அலுமாரி, கட்டிலின் கீழ், பரண் எல்லாம் தேடியாகிவிட்டது. புருஷன் கிறிஸ்ரி முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டே ஒரு புத்தி சொன்னான்.

"பழைய சாமான்தானே. கொழும்புப் பக்கம் தேடினா வேற ஒண்டு வாங்கலாம்."

"உலகத்திலயே இல்லையாம். நீங்கள் வலையைப் பொத்துங்கோ" என்றாள் றஞ்சிதா.

முதல் பூசைக்குப் போயிருந்த அம்மா அருளம்மா அப்போதுதான் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். றஞ்சிதா உறையை நீட்டினாள்.

"அம்மா, இதுக்குள்ள இருந்த தட்டு எங்க?"

அருளம்மா தலையில் இருந்த முக்காட்டை எடுத்து மடித்தாள். மடித்ததையே இன்னொரு தரம் மடித்தாள்.

"ஆரைக் கேட்டு அவையளை வரச் சொன்னனி?"

"அப்பா பத்திரமா இருக்கெண்டு சொல்லேக்க நீங்களும் பக்கத்தில நிண்டனீங்கள்தானே."

"அவர் சொன்னதை அவரிட்டக் கேள்."

"செத்த மனிசனிட்ட எப்பிடியம்மா கேக்கிறது?"

"அப்ப விடு. போனடிச்சு, தொலைஞ்சு போச்செண்டு சொல்லு. சண்டைக்குள்ள எல்லாருக்கும் எல்லாம் தொலைஞ்சதுதானே. ஒருத்தரும் குறை சொல்ல மாட்டினம்."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அம்மாவுக்கு ஏதோ தெரியும் என்பது றஞ்சிதாவுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. தெரியாத விஷயத்துக்கு அருளம்மா கோபப்படுகிறவள் இல்லை. ஆனால் அவளுடைய வாயைத் திறக்கவைப்பது கர்த்தராலும் முடியாத காரியம்.

றஞ்சிதா அஸீபாவுக்கு அழைத்தாள்.

"நாங்க ஓட்டோவில ஏறிட்டம் அக்கா" என்றாள் அஸீபா. "வாப்பா விடிய எழும்பி வெளிக்கிட்டு நிண்டவர். பெருநாளுக்கு எடுத்த சேட்டைப் போட்டிருக்கிறார் பாருங்கோ."

இதைக் கேட்ட பிறகு, தொலைந்துவிட்டது என்று யாரால் சொல்ல முடியும்? "வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு றஞ்சிதா தேத்தண்ணிக்குச் சீனி இருக்கிறதா என்று பார்க்கப் போனாள்.

ஜுனைட் வந்தால் வீதியிலிருந்தே தெரிந்துவிடும். "கிறகரீ..." என்று அவர் இழுத்துக் கூப்பிட்டால் மூன்று வீட்டு நாய்கள் எழும்பும். இன்றைக்கு ஓட்டோச் சத்தம் மட்டும்தான் வந்தது. கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். கிறகரியின் செத்தவீட்டன்று அவர் கொழும்பில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவர். அதனால் உள்ளே வந்ததும் கதிரையில் இருக்காமல், சுவரில் மாட்டியிருந்த கிறகரியின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். நின்றார், நின்றார், ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

பிறகு கதிரையில் இருந்து, மடியில் போனை வைத்து எழுதினார். அவர் எழுதியதைப் போன் வாசித்தது.

"தங்கச்சி. சுகமாய் இருக்கிறீங்களா."

ஒரு இளம்பெண்ணின் குரல். எந்த ஊர்க்காரியோ, செய்தி வாசிக்கிறவள்போல ஒவ்வொரு சொல்லையும் கழுவித் துடைத்து வைத்தாள். குசினி வாசலில் நின்ற அருளம்மா ஜுனைட்டைப் பார்க்காமல் போனைப் பார்த்து, "இருக்கிறம் அண்ணன்" என்றாள். வேறு நாளென்றால் எல்லோரும் சிரித்திருப்பார்கள். வயிற்றின் அடியிலிருந்து குரலை இழுத்தெடுத்து மேடையை அதிரவைத்த மனிதருக்குக் கடைசியில் வாய்த்த குரல் இதுதான்.

"நான் வாப்பா பாடிக் கேட்டதே இல்லை அக்கா" என்றாள் அஸீபா. "நான் பிறந்தது புத்தளத்தில. அப்ப அவர் பாட்டை விட்டிட்டார். பள்ளியில பாங்கு சொல்லுவார், எனக்குத் தெரிஞ்ச குரல் அவ்வளவுதான். போன்ல கொஞ்சம் இருக்கு. அது நோய் பிடிச்ச தொண்டை. நல்லா இருந்த நேரத்துக் குரலை ஒருக்காக் கேக்கவேணும். வேற ஒரு ஆசையும் எனக்கில்லை."

றஞ்சிதா உறையை அவளிடம் கொடுத்தாள். அஸீபா படத்தைப் பார்த்துச் சிரித்தாள். விரலை உள்ளே விட்டாள். சிரிப்பு நின்றது.

"தட்டு?"

"தேடிக்கொண்டிருக்கிறம்."

இதைவிட மோசமான பொய்யை றஞ்சிதா வாழ்நாளில் சொன்னதில்லை. அவளுடைய முகமே அவளைக் காட்டிக்கொடுத்தது. அஸீபா உறையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

ஜுனைட் மகளின் முழங்காலில் தட்டினார். பிறகு எழுதினார். போனுக்குள் இருந்த பெண் வாசித்தாள்.

"கிறகரி பொய் சொல்ல மாட்டான். பத்திரமாய் இருக்கு என்று சொன்னவன். ஆறுதலாய்த் தேடுங்கோ."

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது.

அருளம்மா வெளியே வந்தாள். ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. நேரே மடுமாதா சுரூபம் இருந்த சீமெந்துத் தட்டுக்குப் போனாள். சுரூபத்தின் காலடியில், ஓரமெல்லாம் அலையலையாக மடிந்த சின்னக் கறுப்புச் சட்டி ஒன்று என்றைக்கும் இருக்கும். அதற்குள் ஈரமணலில் வெள்ளை நித்தியகல்யாணிப் பூ. காலையில் பூ மாற்றுவது அருளம்மாவின் வேலை. அந்தச் சட்டியை வேறு யாரும் தொடக்கூடாது. துடைப்பதற்குக்கூட விடமாட்டாள்.

பூக்களை எடுத்துச் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மணலை முற்றத்தில் கொட்டினாள். சட்டியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, ஜுனைட்டின் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இதுதான் அண்ணன்" என்றாள்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. றஞ்சிதாதான் முதலில் குனிந்து பார்த்தாள். சட்டியின் உட்சுவர் முழுவதும் மயிரிழைபோலக் கோடுகள் வட்டம் வட்டமாக ஓடின. அடியில் பழைய மெழுகு உறைந்திருந்தது. மெழுகுக்குக் கீழே ஒரு சிவப்புத் தாள், அதில் பாதி அழிந்த எழுத்து. பியர் றெயில்.

பிறந்த வீட்டில், தினமும் விழுந்து கும்பிடும் இடத்தில், இத்தனை வருடமாக அது இருந்திருக்கிறது. சந்தையில் வாங்கிய பிளாஸ்ரிக் சட்டி என்று அவள் நினைத்திருந்தாள்.

"அம்மா, என்ன வேலை பாத்து வச்சிருக்கிறீங்கள்?"

"நான் இல்லை. உன்ர கொப்பர்."

அருளம்மா நிலத்தில் இருந்தாள். கதை சொல்ல இருந்தவள்போல இருக்கவில்லை. கால் வலித்தவள்போல இருந்தாள்.

"நீங்கள் வள்ளம் ஏறிப்போன பிறகு எங்களாலயும் இஞ்ச இருக்க முடியேல்லை அண்ணன். மடுக் கோயிலுக்கு ஓடினம். அரிசி, சட்டி, இரண்டு பிள்ளையள், இந்தத் தட்டு. உடுப்பு மூட்டையை வழியில விட்டிட்டு இதைச் சேட்டுக்குள்ள செருகிக்கொண்டு வந்தவர். எனக்கு நல்ல கோவம்."

இரண்டு பிள்ளைகள். ஆறு வயது றஞ்சிதாவும், கைக்குழந்தை பெனடிக்ற்றும். தம்பி மடுவில் செத்ததை றஞ்சிதா அறிவாள். அதைப் பற்றி இந்த வீட்டில் கதைப்பதில்லை என்பதையும் அறிவாள்.

"பெனடிக்ற்றுக்கு மலேரியா. மருந்து இல்லை. காட்டுக் கரையில குழி வெட்டித் தாட்டம். நான் நாளும் விடியப் பூப் பிடுங்கிக்கொண்டு அங்க போவன். வைக்க ஒரு தகரப் பேணி இல்லை. அகதிமுகாமில பேணியெல்லாம் கஞ்சி வாங்கத்தானே. வெறும் மண்ணில வச்சா ஆடு திண்டுபோடும். ஒருநாள் அதைப் பாத்திட்டு மண்ணில கிடந்து கத்தினனான். அவர் குடிசைக்குப் போய்ச் சோத்துப்பானையில தண்ணி கொதிக்க வச்சார். இதை அதுக்குள்ள போட்டார். கையாலயே எடுத்து வளைச்சார். இரண்டு கையும் வெந்து போச்சு. நடுவில இருந்த ஓட்டையை மெழுகுதிரி உருக்கி அடைச்சார். ஜுனைட் இருந்திருந்தா அவனே வளைச்சுத் தந்திருப்பான் எண்டு மட்டும் சொன்னார்."

ஜுனைட் சட்டியை எடுத்தார். அதன் மடிப்புகளில் விரல் அளவுக்குப் பள்ளங்கள் இருந்தன. அந்தப் பள்ளங்களில் அவருடைய விரல்கள் பொருந்தின.

"திரும்பி வரேக்க இதைக் கொண்டுவந்தம். சண்டை முடிஞ்சு போய்ப் பாத்தம், பிள்ளையைத் தாட்ட இடம் தெரியேல்லை. எல்லாம் காடாப் போச்சு. பிறகு இதுதான் எனக்கு அவன்ர கல்லறை. கை வெந்த பிறகு மனிசன் கிற்றார் தொட்டதும் இல்லை."

அஸீபாவின் கண்கள் நிறைந்திருந்தன. ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. அவளையும் குறை சொல்ல முடியாது. அவளுக்கும் ஒரே ஒரு வாப்பாதான்.

"அது அமானிதம் மாமி" என்றாள். "ஒருத்தர் நம்பித் தந்த பொருள். அதை இப்பிடிச் செய்யலாமா?"

"செய்யக் கூடாது பிள்ளை. அது அவருக்கும் தெரியும். உங்கட வாப்பா வந்திட்டுப் போற நாளில அவர் சாப்பிட மாட்டார்."

அஸீபா உறையை மேசையில் வைத்தாள். போனை எடுத்து நிரூபனை அழைத்தாள். லண்டனில் இன்னும் விடியவில்லை. நித்திரைக் கண்ணோடு வந்தவன், அஸீபா சட்டியைக் காட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். உள்ளே காட்டச் சொன்னான், வெளியே காட்டச் சொன்னான், அடியைக் காட்டச் சொன்னான்.

"இதை நிமித்திப் பாக்கிற ஆக்கள் இஞ்ச இருக்கினம்" என்றான். "ஆனா உறுதி சொல்ல ஏலாது. கீழ்ப்பக்கம் சீமெந்தில தேய்ஞ்சு மழுங்கிப் போச்சு, அதை விடுங்கோ. மேல்பக்கம் 'பியர் றெயில்'. பாட்டு விளிம்பில தொடங்கி நடுவுக்கு வரும். விளிம்பெல்லாம் மடிஞ்சு போச்சு, அதில ஒண்டும் வராது. நடுவில மெழுகு இருந்தபடியா அந்த இடம் தப்பியிருக்கு. பாட்டின்ர கடைசிக் கொஞ்சம் கேக்கலாம்."

"நிமித்தினா இந்தச் சட்டி?" என்று கேட்டாள் றஞ்சிதா.

"சட்டி இராது அக்கா."

"கடைசிக் கொஞ்சம் போதும்" என்றாள் அஸீபா. "ஒரு வரி காணும். வாப்பாட வாயால ஒரு வரி." போனோடு விறாந்தைக்குப் போய், எப்படி அனுப்புவது, எவ்வளவு நாளாகும் என்று நிரூபனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அருளம்மா எழும்பிக் குசினிக்குள் போனாள். அங்கே அவள் என்ன செய்தாளோ, சத்தம் ஒன்றும் வரவில்லை.

ஜுனைட் றஞ்சிதாவுக்குக் கைகாட்டினார். போனின் சத்தத்தை அணைத்துவிட்டு எழுதினார். எழுதியதை அவளிடம் நீட்டினார்.

"அஸீபாவுக்குச் சொல்லிப்போடாதே மகள். பாட்டின்ர கடைசியில நான் இல்லை. என்ர பாட்டு நடுவிலயே முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு கொப்பர்தான். கிற்றார் மட்டும். றெயில் தூரப் போற மாதிரி அடிச்சுக்கொண்டே போவான்."

றஞ்சிதா வாசித்து முடித்ததும் அவர் அதை அழித்தார். அவருடைய முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிழையை ஒருவருக்கும் சொல்லாமல் மறைத்துவிட்ட மனிதரின் சிரிப்பு. பார்க்க முடியவில்லை.

அஸீபா உள்ளே வந்ததும் மறுபடி எழுதி, சத்தத்தைக் கூட்டினார். அந்தப் பெண் நிதானமாக வாசித்தாள்.

"தட்டு பிள்ளைக்கே இருக்கட்டும். நான் கிறகரிக்குக் கொடுத்தேன். கிறகரி தன் பிள்ளைக்குக் கொடுத்தான். அதில் பிழை இல்லை. வீட்டுக்குப் போவோம்."

"வாப்பா" என்றாள் அஸீபா. "ஒரு வரியாவது..."

அவர் தலையாட்டினார். வேண்டாம். முற்றத்துக்குப் போய்க் குனிந்து இரண்டு கையாலும் மணலை அள்ளிக்கொண்டு வந்து சட்டிக்குள் போட்டார். செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். பூக்களை ஒவ்வொன்றாக நட்டார். சுரூபத்தின் காலடியில் கொண்டுபோய் வைத்தது மட்டும் றஞ்சிதா. அஸீபா அழுதுகொண்டே வாப்பாவின் கையில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டாள்.

ஊற்றிவைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது. இருவரும் ஓட்டோவுக்கு நடந்தார்கள். கிறிஸ்ரி வலையைப் போட்டுவிட்டு எழும்பி நின்றான்.

ஓட்டோ உறுமத் தொடங்கிய பிறகுதான் அருளம்மா வெளியே வந்தாள். அறுபத்தைந்து வயதில் அவள் ஓடி றஞ்சிதா பார்த்ததில்லை. காலில் செருப்பில்லாமல், பூசைக்குப் போட்ட முக்காட்டில் எதையோ சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படலையைத் தாண்டி ஓடினாள். ஓட்டோவுக்குள் குனிந்து அதை அஸீபாவின் மடியில் வைத்தாள்.

"கொண்டுபோங்கோ பிள்ளை."

"வேண்டாம் மாமி. வாப்பா வேண்டாமெண்டுட்டார்."

"வாப்பா அப்பிடித்தான் சொல்லுவார். நான் இத்தினை வருசம் என்ர பிள்ளைக்கு வச்சிருந்தனான். நீங்கள் உங்கட வாப்பாவுக்கு ஒருக்கா வச்சுக் கேளுங்கோ. ஒரு வரி வந்தாலும் காணும் எண்டு சொன்னனீங்கள்தானே. குசினிக்குள்ள இருந்து கேட்டனான்."

அஸீபா முக்காட்டுப் பொட்டலத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அருளம்மாவின் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஜுனைட் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். வாய் திறந்தது. கழுத்துத் துளையை மூடியிருந்த துணி மட்டும் மூச்சில் உள்ளே போய் வெளியே வந்தது. போனைத் தேடி எடுத்து எழுதினார். ஓட்டோ இரைச்சலில் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று ஒருவருக்கும் கேட்கவில்லை. அருளம்மா, "பரவாயில்லை அண்ணன், பரவாயில்லை" என்று அவருடைய முழங்காலைத் தடவினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. படலையடியில் நின்ற றஞ்சிதாவைப் பார்த்தார்.

சொல் என்றது அந்தப் பார்வை. உனக்குத் தெரியும், சொல்லிவிடு. உன் அம்மாவிடம் சட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடு.

றஞ்சிதா வாயைத் திறந்தாள். அஸீபாவின் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எவருக்கும் மனம் வராதுதான். ஆனால் அவளைத் தடுத்தது அது மட்டும் இல்லை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அப்பாவின் கையில் கிற்றாரை அவள் கண்ட ஞாபகம் இல்லை. அந்த உறையில் முறைத்துக்கொண்டு நிற்கிற பொடியன் எப்படி வாசிப்பான் என்று அவளுக்குத் தெரியாது. வெந்துபோகாத அந்தக் கைகள் வாசித்தது அந்தச் சட்டியின் அடியில், மெழுகுக்குக் கீழே இருக்கிறது. அதை ஒரு தரம் கேட்கவேண்டும் என்று அவளுக்கு இருந்தது. பெற்ற தாய் காத்துவைத்த தம்பியின் கல்லறையை உடைத்தாவது, இன்னொருவர் பெற்ற பிள்ளையை ஏமாற்றியாவது கேட்கவேண்டும் என்று இருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். ஓட்டோ தாராபுரம் பக்கம் திரும்பிப் போனது.

அருளம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். சுரூபத்தடியில், பிடுங்கிய பூக்கள் வெறும் சீமெந்தில் கிடந்தன. அவள் அவற்றை ஒழுங்குபடுத்தினாள். பிறகு கிறகரியின் படத்தைப் பார்த்து நின்றாள்.

"பத்திரமா இருக்கு, பத்திரமா இருக்கு எண்டு சொல்லிச் சொல்லியே செத்துப்போனார்" என்றாள். "இனி அவரை ஒருத்தரும் பொய்யன் எண்டு சொல்ல ஏலாது, என்ன?"

றஞ்சிதா மேசையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்தாள். ஒருவரும் குடிக்காததை முற்றத்தில் ஊற்றினாள்.

போனில் அஸீபாவின் செய்தி வந்தது.

"ஆர்? என்னவாம்?" என்றாள் அருளம்மா. "வாசி."

றஞ்சிதா வாசித்தாள்.

"அக்கா, வாப்பா வழியெல்லாம் அழுதுகொண்டே வாறார். சந்தோஷத்திலதான் எண்டு நினைக்கிறன். மாமிக்குச் சொல்லுங்கோ."

அருளம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். அன்றைக்கு முதல்முறையாக அவளுடைய முகம் தெளிந்திருந்தது.